வியாகுல மாதாவும் முதல் வரிசை நாற்காலிகளும்

அந்த நாற்காலிகளை நம்மில் யாருக்காவது இன்னும் ஞாபகம் இருக்கிறதா? பூசை லத்தீனிலிருந்து தமிழுக்கு மாறிய சமயத்தில் புதுநன்மை என்று முதல்முதலாக அப்பம் வாங்கியவர்களைத்தான் கேட்கிறேன். நெல்லித்தோப்பிலிருந்து நடந்தே டவுன் கோயிலுக்கு வந்து, தரையில் பாய் விரித்து உட்கார்ந்து, முன்னால் நின்ற நாற்காலி முதுகுகளுக்கு இடையில் கிடைத்த சந்து வழியாகப் பீடத்தைப் பார்த்தவர்கள் நாம்.

போன மாதம் கோயிலில் ஒரு கூட்டம் போட்டார்கள். கோயிலின் வரலாற்றைப் புத்தகமாகக் கொண்டுவரப் போகிறார்களாம். வயதானவர்கள் தெரிந்ததைச் சொல்லுங்கள் என்றார்கள். சொன்னார்கள். மணி எந்தக் கப்பலில் வந்தது, பழைய கோயிலை இங்கிலீஷ்காரன் எந்தச் சண்டையில் இடித்தான், மறுபடி கட்டும்போது சுண்ணாம்பில் எவ்வளவு முட்டை கலந்தார்கள் என்று எல்லாம் வந்தது. நாற்காலிகளைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. எழுந்து வெளியே போனேன். உள்ளே வந்தேன். மறுபடி வெளியே போனேன். மூலக்குளத்தில் மகன் வீட்டுக்குத் திரும்பியும் அப்படியேதான். "ஏம்மா இப்படி நடந்துகிட்டே இருக்கே, ஒக்காரேன்" என்று அவன் அதட்டினான். உட்கார்ந்து எழுதுகிறேன்.

நம் பிள்ளைகளுக்குச் சொன்னால் புரியாது. பீடத்துக்கு முன்னால் மரக் கிராதி. அதன் முன்னால்தான் நன்மை வாங்க முழங்கால் போட்டு நாக்கை நீட்டுவோம். கிராதியை ஒட்டி அந்த நாற்காலிகள். பிரம்பு பின்னிய தாழ்ந்த இருக்கை, உயர்ந்த முதுகு, முதுகின் உச்சியில் கையூன்றிக்கொள்ள ஒரு சின்னப் பலகை. திருப்பிப் போட்டால் முழங்கால் போடலாம், நேராகப் போட்டால் உட்காரலாம். ஒவ்வொன்றிலும் பித்தளைத் தகடு, தகட்டில் குடும்பப் பெயர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கிய சொல்தா வீடுகள், கோர்ட்டிலும் மெரி என்ற நகராட்சி ஆபீஸிலும் உத்தியோகம் பார்த்தவர்களின் வீடுகள். வீட்டுக்காரர் வராத ஞாயிறுகளிலும் நாற்காலி அங்கேயே நிற்கும். நமக்கு முன்னால், காலியாக.

கோயிலின் இடப்பக்கக் கூடத்தில் வியாகுல மாதா இருந்தாள். கண்ணாடிக் கண்கள். கன்னத்தில் உருளாமல் நின்றுவிட்ட ஒரு கண்ணீர்த் துளி. மார்பில் வெள்ளி இருதயம், அதில் ஏழு வாள்கள். பிரான்சிலிருந்து கப்பலில் வந்தவள் என்பார்கள். நோன்பு இருக்கும் தபசுக் காலத்தில், குருத்து ஞாயிறுக்கு முந்தின வெள்ளிக்கிழமை, அவளுக்கு நீல அங்கியைக் கழற்றிவிட்டுக் கறுப்பு வெல்வெட் அங்கி போட வேண்டும். அதைச் செய்வது விதவைகள். அது அவர்களின் உரிமை. வேறு பெண்கள் தொடக்கூடாது. ஆண்கள் அந்தப் பக்கம் வரவே கூடாது. சுற்றித் திரை கட்டிவிடுவார்கள்.

என் அத்தை, அப்பாவின் தங்கை, அந்த விதவைகளில் இளையவள். மில்லில் நூல் சுற்றும் பகுதியில் வேலை. கல்யாணமான மறு வருஷமே புருஷன் காய்ச்சலில் போய்விட்டார். எங்கள் வீட்டில்தான் இருந்தாள். சொந்தத்தில் ஒரு நல்ல காரியம் என்றால் அவளைச் சமையல்கட்டைத் தாண்டி வரவிட மாட்டார்கள். கிறிஸ்தவர்கள்தான், ஜெபமாலை சொல்லுகிறவர்கள்தான். அதில் மட்டும் எல்லாரும் ஒன்று. மாதாவின் உள்பாவாடை, வெள்ளைச் சட்டை எல்லாம் துவைக்க எங்கள் வீட்டுக்கு வரும். அவற்றை அத்தை தனிக் கொடியில் காயப்போட்டு, கஞ்சி போட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து காக்காய் விரட்டுவாள்.

எனக்குப் புதுநன்மை ஆவதற்கு முந்தின வருஷம் என்னைத் திரைக்குள் கூட்டிப்போனாள். குண்டூசி எடுத்துக் கொடுக்க ஒரு சின்னக் கை வேண்டும் என்று சொல்லி. உள்ளே புழுக்கம், மெழுகு வாடை, நாப்தலின் வாடை. அங்கியை அவிழ்த்தார்கள், சட்டையை அவிழ்த்தார்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாதாவுக்கு உடம்பு இல்லை. முகமும் கைகளும் மட்டும்தான் அழகு. கழுத்துக்குக் கீழே பலகைச் சட்டம், கூண்டு மாதிரி. பலகையில் கறுப்பு மையில் பிரெஞ்சு எழுத்துகள், பாதி அழிந்தவை. அவை கப்பலில் வந்த ஒயின் பெட்டியின் பலகைகள் என்று வெகு காலத்துக்குப் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. முகம் எங்கிருந்து வந்ததோ, உடம்பை நம்ம ஊர் ஆசாரி யாரோதான் அடித்திருக்க வேண்டும்.

"இன்னாடி அப்படி பாக்குற?" என்றாள் அத்தை. "ஊசியக் குடு."

"அத்தே, உள்ள ஒண்ணுமே இல்லியே."

"மேல துணி போட்டா எல்லாம் சரியாப் போவும். வெளிய போய் சொல்லிக்கினு இருக்காத."

அடுத்த வருஷம் புதுச் சாமியார் வந்தார். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர், ஆனால் பேச்சு விழுப்புரம் பக்கத்துப் பேச்சு. சைக்கிளில் வருவார். வந்ததும் பீடத்தைத் திருப்பினார். இத்தனை நாள் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்த ஜனம் முதல்முறையாகச் சாமியார் முகத்தைப் பார்த்துப் பூசை கண்டது. கிராதியை அறுத்து எடுத்தார். ஒரு சனிக்கிழமை நாற்காலிகளை மாட்டு வண்டியில் ஏற்றி, தகட்டில் உள்ள பெயரைப் பார்த்து அந்தந்த வீட்டு வாசலில் இறக்கச் செய்தார். மறுநாள் கோயில் வெறிச்சென்று, ஓட்டப் பந்தய மைதானம் மாதிரி இருந்தது. "இனிமே எல்லாரும் தரைதான். நானும் தரைதான்" என்று சொல்லி, வேறொருவர் வாசகம் படிக்கும்போது அவரே கீழே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். நம்ம தெருப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சந்தோஷச் சிரிப்பு. முன் வரிசைக்காரர்களில் பலர் வரவில்லை. கோர்ட்டில் பெரிய பதவியில் இருந்து இறந்தவரின் மனைவி மட்டும் வந்தார். எல்லாரும் அவரை மதாம் என்றுதான் சொல்வோம். தன் நாற்காலி இருந்த இடத்தில், பூசை முடியும்வரை நின்றார்.

அந்த வருஷம் எனக்குப் புதுநன்மை. தபசுக் காலம் முழுக்க எனக்கு உடம்பு ஓரிடத்தில் நிற்கவில்லை. அப்பத்தைப் பல்லால் கடித்துவிடுவேனோ என்ற பயம் ஒரு பக்கம். வெயில் ஒரு பக்கம். மில்லில் வேறு தகராறு; யூனியனில் இருந்த அப்பா சாப்பாட்டுத் தட்டின் முன்னால்கூடக் காலை ஆட்டிக்கொண்டே இருப்பார். சங்கு ஊதுகிறதா இல்லையா என்று தெருவே காதைத் தீட்டிக்கொண்டிருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை அத்தை அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்தாள். கஞ்சி போட்ட துணிகளை மூட்டையாகக் கட்டிக்கொண்டு என்னையும் இழுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனாள். மற்ற விதவைகள் கூடத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். மாதாவின் மாடம் காலி. அடியில் படிந்திருந்த தூசியில் ஒரு வட்டம் மட்டும் சுத்தமாகத் தெரிந்தது.

சாவி வைத்திருக்கும் கோயில்பிள்ளை தலையைச் சொறிந்தபடி மணிக்கூண்டு அறையைக் கைகாட்டினார். போய்ப் பார்த்தோம். உடைந்த மெழுகுத் தண்டுகள், பழைய பிரசங்கத் தொட்டியின் படிகள், இவற்றுக்கு நடுவே மாதா மல்லாந்து கிடந்தாள். அங்கி, சட்டை எல்லாம் கழற்றித் தனியாக மடித்து வைத்திருந்தது. மேலே ஒரு கோணி. கோணிக்கு வெளியே பலகைச் சட்டம்.

அத்தை துணி மூட்டையை அவிழ்த்தாள். வெள்ளைப் பாவாடையை எடுத்து மாதாவின் மேல் போட்டாள். பிறகு நேரே சாமியார் அறைக்குப் போனாள்.

"பொம்பளைய அம்மணமாப் போட்டு வச்சிருக்கீங்களே சாமி. யாரு அவுத்தது?"

அவர் எழுந்து நின்றுவிட்டார். "அம்மா, வெள்ளி, வெல்வெட்டு இதெல்லாம் போட்டுச் சோடிக்கறது போதும்னு நெனச்சேன். எளிமையா ஒரு சிலுவை இருந்தாப் போதும். அதுவும் அதுக்கு உடம்புகூட இல்ல, வெறும் பலகை. நீங்களே பாத்திருக்கீங்க."

"நாங்க பாக்கலாம். நீங்க ஏன் பாத்தீங்க?"

மாதாவைத் திருப்பி வைக்க அவர் சம்மதிக்கவில்லை.

சனிக்கிழமை வீட்டில் ஒரே கூச்சல். அப்பா முதலில் சிரித்தார். "கூலி கேட்டு நாங்க அங்க தொண்டை கிழியக் கத்தறோம். ஒனக்குப் பொம்மைக்குப் பொடவ கட்டணும்னு கவல." அத்தை சோற்றில் கை வைக்காமல் சொன்னாள்: "அண்ணா, நீ சிரிச்சுக்க. நாளைக்குப் பூசை முடிஞ்சா நாங்க எழுந்துக்கப் போறதில்ல." அப்பாவின் கால் ஆட்டம் நின்றது. அப்புறம் தாழ்ந்த குரலில், "ஒக்காந்தா மொத்தமா எழுந்துக்காதீங்க. தண்ணி குடிக்கப் போனாலும் ஒவ்வொருத்தியா போங்க. பேச ஒருத்திதான் பேசணும்" என்றார்.

குருத்து ஞாயிறு. கையில் குருத்தோலையோடு ஊர்வலம் வந்து, பூசை கண்டு, ஆண்கள் வெளியே போனார்கள். பெண்கள் போகவில்லை.

"பூசை முடிஞ்சிடுச்சு, போய்ட்டு வாங்க" என்றார் சாமியார்.

"முடிஞ்சிடுச்சு சாமி. நாங்க ஒக்காந்திருக்கோம்" என்றாள் அத்தை.

வெயில் ஏறியது. கல் தரையின் குளிர்ச்சி போய்விட்டது. எனக்குக் கால் மரத்தது, நமைத்தது. ஓலையைக் கிழித்துக் கிழித்துச் சிலுவை செய்து, பிரித்து, மறுபடி செய்தேன். குழந்தைகள் அழுதன. யாரோ ஒருத்தி ஜெபமாலையை ஆரம்பிப்பாள், பாதியில் விட்டுவிடுவாள். கோயில்பிள்ளை சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டு வாசலுக்கும் பீடத்துக்கும் அலைந்தார். மத்தியானம் சாமியார் வந்து எங்கள் எதிரில் தரையில் உட்கார்ந்தார். கோபமாகத்தான் வந்தார். ஆனால் பேச ஆரம்பித்ததும் குரல் வேறு மாதிரி ஆகிவிட்டது.

"எங்க ஊருக் கோயில்ல நடுவுல ஒரு செவுரு உண்டு. அந்தப் பக்கம்தான் எங்க ஜனம் நிக்கணும். எங்க அம்மா சாகறவரைக்கும் பீடத்தப் பாத்ததில்ல. மணிச் சத்தத்த வச்சுத்தான் எப்போ முழங்கால் போடறதுன்னு தெரியும் அவங்களுக்கு. அந்தச் செவுரு கட்டினவங்கதான் சுரூபத்துக்கு வெல்வெட்டும் வெள்ளியும் குடுத்தவங்க. எனக்கு அதக் கண்டாலே வயிறு எரியுது. வேற ஒண்ணுமில்ல."

எனக்கு அது என்ன பேச்சென்றே அன்று விளங்கவில்லை; எந்தச் சுவர், ஏன் சுவர் என்று அம்மாவைக் கேட்டதற்குத் தொடையில் கிள்ளினாள்.

அத்தை சொன்னாள். "ஒங்க அம்மாவுக்கு நடந்தது பாவம் சாமி. ஆனா அந்தச் செவுத்த மாதா கட்டல. எம் புருஷன் போனதுலேர்ந்து ஒரு கல்யாணப் பந்தல்ல என்ன நிக்க விட்டதில்ல. நான் எதுத்தாப்புல வந்தா திரும்பிப் போறவங்க உண்டு. இங்க ஒரு எடத்துலதான், நீ வா, ஒங் கைதான் வேணும்னு கூப்ட்டாங்க. அதையும் எடுத்துட்டா எனக்கு இன்னா இருக்கு?"

சாமியார் எழுந்து பூசை உடுப்பு அறைக்குப் போய்விட்டார். கதவு பாதி திறந்திருந்தது.

அப்போதுதான் மதாம் ரிக்‌ஷாவில் வந்து இறங்கினார். வெள்ளைப் புடவை, கையில் விசிறி, பின்னால் வந்த வேலைக்காரியிடம் ஒரு குடம் எலுமிச்சைச் சாறு. எல்லாருக்கும் ஊற்றச் சொன்னார். குளிர்ந்த சாற்றின் வாசனையில் என் நாக்கு ஊறியது. அத்தையின் பக்கத்தில் குனிந்து மதாம் பேசினார்.

"மோந்தியே, கடவுளே, இந்த வெயில்ல! கேளு. நாங்களும் ஒங்களோட வந்து ஒக்கார்றோம். எங்க வீட்டு ஆம்பளைங்க மேல போய்ப் பேசுவாங்க. நாளைக்கே மாதா உள்ள வந்துடுவா. ஒண்ணே ஒண்ணுதான். மாதா வர்றப்போ எங்க நாற்காலியும் கூடவே வரணும்."

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பாதிப் பேருக்குச் சம்மதம்தான், எனக்கே தெரிந்தது. எப்படியாவது முடிந்து வீட்டுக்குப் போனால் போதும் என்றிருந்தது எல்லாருக்கும்.

"மாதா வேற, நாற்காலி வேற மதாம்" என்றாள் அத்தை.

"நோன், இல்ல. ரெண்டும் கோயில் சாமான்."

"மாதா கோயிலோடது. நாற்காலி ஒங்களோடது. பேரு போட்டிருக்கே."

மதாமின் விசிறி நின்றது. சாற்றைக் குடித்தவர்கள் டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தார்கள். மதாம் போய் ரிக்‌ஷாவில் ஏறினார்.

உடுப்பு அறைக் கதவு முழுசாகத் திறந்தது. சாமியார் வந்து மணிக்கூண்டு அறையின் சாவியை அத்தையின் முன்னால் வைத்தார். "நீங்களே கொண்டுவந்து வச்சிக்குங்க. நானும் கோயில்பிள்ளையும் வெளிய இருக்கோம். முடிஞ்சதும் கூப்புடுங்க."

அன்று சாயங்காலம் வெயில் இறங்குமுன் மாதா மாடத்தில் கறுப்பு அங்கியோடு நின்றாள். பெரிய வெள்ளிக்கிழமை ஊர்வலத்தில் சாமியார் செருப்பில்லாமல் அவளுக்குப் பின்னால் நடந்தார். நான் பார்த்தேன். தலை நிமிராமல் நடந்தார்.

அப்பா ஒரு வாரம் மீசையை முறுக்கிக்கொண்டு திரிந்தார். மில்லில் போய், "எந் தங்கச்சி ஒரு நாள்ல முடிச்சிட்டா, நீங்க என்னடான்னா" என்று பேசினாராம். பெண்கள் ஜெயித்தோம் ஜெயித்தோம் என்று தெருக்குழாயில் கதையாகச் சொல்லித் தண்ணீர் பிடித்தார்கள். அதே நாட்களில் நாற்காலி வீட்டுக்காரர்கள் மேலிடத்துக்கு, ஆயர் வீட்டுக்கு, நடையாய் நடந்துகொண்டிருந்தது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. நாற்காலியைப் பற்றி அவர்கள் அங்கே பேசவே இல்லை. கோயிலுக்குள்ளே பெண்கள் கலகம் பண்ணும் அளவுக்குப் பங்கு கெட்டுப்போய்விட்டது, சாமியாருக்கு ஜனத்தை அடக்கத் தெரியவில்லை என்றுதான் சொன்னார்கள். நாங்கள் உட்கார்ந்த போராட்டமே அவர்களுக்குச் சாட்சி ஆகிவிட்டது. உயிர்த்த ஞாயிறு பாஸ்கு முடிந்து கொஞ்ச நாளில் சாமியாருக்கு மாற்றல் வந்தது. செஞ்சிக்கு அப்பால் ஏதோ ஒரு கிராமம்.

போகுமுன் அவர் சைக்கிளில் எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா காபி கொடுத்தாள். அப்பா அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் சைக்கிள் சக்கரத்தைச் சுற்றிவிட்டுக்கொண்டிருந்தார். அத்தை கதவுக்குப் பின்னால் நின்றாள்.

"எங்களாலதான சாமி?"

"இல்லம்மா. நீங்க ஒக்காரலன்னாலும் அவங்க வேற ஏதாவது சொல்லியிருப்பாங்க."

உண்மையாகவே அப்படி நினைத்தாரா, அவளைத் தேற்றச் சொன்னாரா? அந்த வார்த்தையைத்தான் இத்தனை வருஷமாக நான் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நாங்கள் அவரைக் கல்மனசுக்காரர் என்று திட்டினோம். பெரிய வீட்டுக்காரர்களை எங்களோடு தரைக்கு இறக்கிய ஒரே ஆள் அவர்தான் என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை. அவரும், மாதாவை வெறும் துணியும் பலகையும் என்று நினைத்தாரே ஒழிய, அதைக் கட்டுகிற கைகளை எண்ணிப் பார்க்கவில்லை. அத்தைக்கும் அவருக்கும் எதிரில் இருந்தது ஒரே கூட்டம். அது தெரியாமல் ஒருவரோடு ஒருவர் மோதிக்கொண்டார்கள்.

எனக்குப் புதுநன்மை கொடுத்தது அடுத்து வந்த வயதான சாமியார். அன்று வெள்ளை கவுன், தலையில் முக்காடு, கையில் மெழுகுவத்தி என்று வரிசையில் நின்று உள்ளே நுழைந்தால், நாற்காலிகள். எண்ணெய் போட்டுத் துடைத்த தகடுகளோடு, பழையபடி முன்னால்.

அத்தையின் கக்கத்தில் பாய் சுருட்டியிருந்தது. அவள் அதை விரிக்கவில்லை. நடுவழியே நேராக நடந்து போய், மதாமின் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

மதாம் வந்தார். பக்கத்தில் வந்து நின்றார்.

"இது என்னோட எடம்."

"தெரியும் மதாம். பேரப் பாத்துட்டுதான் ஒக்காந்தேன்."

"எழுந்திரு."

அத்தை பீடத்தைப் பார்த்தபடி இருந்தாள். நான் பிள்ளைகள் வரிசையில் நின்றிருந்தேன். எழுந்து வந்துவிடேன் அத்தே என்றும், எழுந்துவிடாதே என்றும் ஒரே நேரத்தில் வேண்டிக்கொண்டேன். பின்னாலிருந்து சேலைச் சரசரப்பு. மற்ற விதவைகள் எழுந்து வந்தார்கள். ஒருத்தி பின் ஒருத்தியாகக் காலியாக இருந்த நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். கோயில்பிள்ளை வயதான சாமியாரின் முகத்தைப் பார்த்தார். அவர் நாற்காலிகளைப் பார்த்தார், வெள்ளை உடுப்போடு காத்து நின்ற எங்களைப் பார்த்தார். பிறகு சிலுவை அடையாளம் வரைந்து பூசையைத் தொடங்கிவிட்டார்.

மதாம் போகவில்லை. நாற்காலி முதுகைப் பிடித்தபடி பூசை முழுக்க நின்றார். மெழுகு உருகி என் விரலில் விழுந்ததுகூடத் தெரியாமல் அவர்கள் இருவரையுமே பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் நன்மையின் ருசி எனக்கு ஞாபகமே இல்லை.

அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் யார் முன்னால் வருகிறார்களோ அவர்கள் உட்கார்ந்தார்கள். தகட்டைப் பார்த்து எழுப்ப முன்வரிசைக்காரர்களுக்கு வாய் வரவில்லை. அத்தனை பேர் முன்னால் எத்தனை பேரை எழுப்புவது? மழைக்காலம் வருவதற்குள் நாற்காலிகளை ஒவ்வொரு வீடாக எடுத்துப் போய்விட்டார்கள்.

அன்று பூசை முடிந்து வெளியே வந்ததும் அத்தை குழாயடியில் வாந்தி எடுத்தாள். முகத்தைக் கழுவிக்கொண்டு, அப்பாவிடம் சொன்னாள்: "அண்ணா, அந்தச் சாமியாருக்கு யாராவது போய் சொல்லணும். நீ போயி சொல்லிட்டு வா."

அப்பா போகிறேன் என்றார். மில் தகராறு முடியட்டும் என்றார். அது முற்றி மில்லையே கொஞ்ச நாள் பூட்டிவிட்டார்கள். அப்புறம் வீட்டில் அடுப்பெரிவதே பெரும்பாடாக இருந்தது. கடைசியில் அத்தையே பஸ் ஏறிப் போனாள். அந்தக் கிராமத்தில் அவர் இல்லை. அங்கும் ஏதோ சுவரில் கை வைத்தாராம். வேறு எங்கோ அனுப்பிவிட்டார்களாம். எங்கே என்று கேட்டால் ஆளுக்கு ஓர் ஊர் சொன்னார்கள். மாதாவின் துணிகளுக்குச் செய்தது போலக் கஞ்சி போட்டு மடித்த ஒரு வேட்டியை அத்தை அவருக்காக எடுத்துப் போயிருந்தாள். அதைத் திரும்பவும் வீட்டுக்கே கொண்டுவந்தாள்.